தை மாதத்தில் கொல்கத்தா: பிள்ளைகளை வீட்டில் விட்டு இருவராகச் சென்ற பயணம்

எங்கள் பக்கத்தில் கணவனும் மனைவியும் பிள்ளைகளை விட்டுவிட்டு வெளியூர் போவதற்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். துக்க வீடு, மருத்துவமனை, அலுவலகப் பணி, கோயில் வேண்டுதல் என்றால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். திருமண நாளுக்காக இருவர் மட்டும் ஒரு பெருநகரத்தில் சில நாட்கள் தங்கிவிட்டு வரப்போகிறோம் என்று சொன்னால், "அப்ப பிள்ளைங்க?" என்ற கேள்வி உடனே வந்துவிடுகிறது. அந்தக் கேள்வியை நான் குறையாகச் சொல்லவில்லை. அதற்கு முழுமையான விடையை ஆயத்தம் செய்துகொண்டவர்களே நிம்மதியாக ரயிலேற முடியும். ஆகவே கொல்கத்தாவைப் பற்றி எழுதுவதற்கு முன் வீட்டைப் பற்றி எழுதுகிறேன்.

நாங்கள் திருச்சியில் வசிக்கிறோம். நான் ஒரு கூட்டுறவு வங்கியில் பணிபுரிகிறேன். கணவர் வரலாற்று ஆசிரியர். மகள் ஆறாம் வகுப்பிலும் மகன் இரண்டாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். மாமாவும் அத்தையும் லால்குடியில் இருப்பதால், பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் விடுவதா, அவர்களை இங்கே அழைத்துக்கொள்வதா என்பதே முதலில் முடிவு செய்ய வேண்டியதாக இருந்தது. பள்ளி நாட்களில் போவதென்றால் பிள்ளைகளை அவர்கள் வீட்டிலேயே இருக்கவிடுவதுதான் நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அம்மாவும் அப்பாவும் இல்லை என்ற ஒரு மாற்றமே சிறு பிள்ளைகளுக்குப் போதுமான சுமை. அதோடு படுக்கையும் பள்ளி வேனும் விளையாட்டுத் தோழர்களும் மாறினால் அந்தச் சுமை பெருகிவிடும். அத்தையிடம் கேட்டபோது, "நாங்க வந்துடறோம்மா, நீங்க போயிட்டு வாங்க, இந்த வயசுல போகாம வேற எப்பப் போவீங்க" என்று சொன்னார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே, அவர்கள் இங்கே இருக்கும் நாட்களில் அடுப்படி வேலை முழுவதும் அவர்கள் தலையில் விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் கூடுதலாக இரண்டு மணி நேரம் இருந்து சமைத்துக் கொடுக்கும்படி கேட்டு, அதற்கான சம்பளத்தை முன்கூட்டியே கொடுத்தேன். பேரப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது தாத்தா பாட்டிக்கு மகிழ்ச்சி என்று சொல்லிக்கொண்டு எழுபதை நெருங்கும் ஒரு பெண்மணியிடம் நான்கு பேருடைய வேலையை ஒப்படைப்பது எனக்குச் சரியாகப்படவில்லை.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டினோம். குழந்தை மருத்துவரின் எண், வேன் ஓட்டுநரின் எண், எதிர்வீட்டாரின் எண், எரிவாயு பதிவு செய்யும் எண், மகனின் எடைக்கேற்ப மருத்துவர் எழுதிக் கொடுத்த காய்ச்சல் மருந்தின் அளவு, எந்தக் கிழமைக்கு எந்தச் சீருடை என்பவையெல்லாம் பெரிய எழுத்தில் அதில் இருந்தன. காப்பீட்டு அட்டையின் நகலையும், அவசரத்தில் மருத்துவ முடிவெடுக்க மாமாவுக்கு எங்கள் சம்மதம் உண்டு என்று இருவரும் கையொப்பமிட்ட கடிதத்தையும் ஓர் உறையில் வைத்தோம். தாத்தாவிடம் பிள்ளைகளை அனுப்பலாம் என்று பள்ளிக்கும் ஒரு கடிதம் கொடுத்தோம். எல்லாவற்றையும்விட முக்கியமானதாக நான் கருதுவது, நாங்கள் திரும்பி வர வேண்டுமா என்பதை யார் முடிவு செய்வது என்பதை முன்னதாகவே பேசி வைத்ததுதான். வீட்டில் இருந்து பார்ப்பவர் அத்தை. ஆகவே "வாங்க" என்று அவர்கள் சொன்னால் மறுகேள்வி இல்லாமல் கிளம்புவோம், அவர்கள் சொல்லாதவரை நாங்களாகப் பதறிக் கிளம்பமாட்டோம் என்று ஒப்புக்கொண்டோம்.

அந்த ஒப்பந்தம் வேலை செய்ய நேர்ந்தது. நாங்கள் கொல்கத்தா சேர்ந்த மறுநாள் இரவு மகனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. தொலைபேசியை வைத்த கையோடு விமானம் இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினேன். கணவர்தான் அத்தையிடம் மறுபடி பேசி, "அம்மா, நாங்க வரணுமா?" என்று நேராகக் கேட்டார். மருந்து கொடுத்தாயிற்று, தாளில் எழுதியபடியே கொடுத்தாயிற்று, பையன் தூங்குகிறான், விடிந்ததும் மருத்துவரிடம் காட்டுகிறோம், இப்போது நீங்கள் வர வேண்டியதில்லை என்று அத்தை சொன்னார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பது உண்மை. ஆனால் முடிவெடுக்கும் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பது தெளிவாக இருந்ததால், தொலைவிலிருந்து ஊகித்து ஊகித்து நாங்கள் ஒருவரோடு ஒருவர் வாதிட்டுக்கொள்ளவில்லை. சாதாரணச் சளிக் காய்ச்சல்தான் என்று மறுநாள் மருத்துவர் சொல்லிவிட்டார்.

அழைப்புகளையும் ஒரு வரம்புக்குள் வைத்தோம். மாலை ஏழு மணிக்கு ஒரே ஓர் அழைப்பு, குரல் மட்டும். சிறியவன் எங்கள் முகத்தைத் திரையில் பார்த்தால் அழத் தொடங்கிவிடுகிறான். குரலை மட்டும் கேட்டால் அன்று பள்ளியில் நடந்ததை ஆர்வத்தோடு சொல்கிறான். எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். புறப்படுவதற்கு முன்பே ஓரிரு இரவுகள் பிள்ளைகளைப் பாட்டியோடு விட்டுப் பார்த்தால், தங்கள் பிள்ளைக்கு எது ஒத்துவரும் என்பது தெரிந்துவிடும்.

கொல்கத்தாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எங்கள் திருமணம் தை மாதத்தில் நடந்ததுதான். அந்த மாதத்தில் அங்கே வெயில் உறுத்துவதில்லை, இரவில் ஒரு சால்வை போதுமான குளிர் இருக்கும், ஈச்ச மரத்துப் பதநீரிலிருந்து காய்ச்சும் புது வெல்லம் கிடைக்கும், புத்தகக் கண்காட்சியும் ஜனவரி இறுதியையொட்டி நடக்கும். செலவுக்கு முந்தைய ஆண்டே ஒரு தொடர் வைப்புக் கணக்கு தொடங்கியிருந்தேன். மாதாமாதம் சிறு தொகை தனியாகச் சேர்ந்துவிட்டதால், பிள்ளைகளின் கல்விக் கட்டணத்திலிருந்து எடுக்கிறோமோ என்ற உறுத்தல் இல்லாமல் செலவு செய்ய முடிந்தது.

போகும்போது ரயில், வரும்போது விமானம் என்று பதிவு செய்தோம். இந்த வரிசையை மற்றவர்களுக்கும் பரிந்துரைக்கிறேன். போகும்போது மனம் வீட்டிலிருந்து மெல்லத்தான் விலகுகிறது, அதற்கு நேரம் தேவை. திரும்பும்போது மனம் ஏற்கெனவே பிள்ளைகளிடம் போய்விடுகிறது, உடலும் விரைந்து போனால் போதும் என்றிருக்கும். காலையில் சென்னை சென்ட்ரலில் புறப்படும் கோரமண்டல் விரைவு ரயில் சுமார் 1,660 கிலோமீட்டர் ஓடி மறுநாள் முற்பகலில் ஹவுராவிலுள்ள ஷாலிமார் நிலையத்தை அடைகிறது. இரண்டடுக்குக் குளிர்சாதனப் பெட்டியில் பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையையும் அதன் மேல்படுக்கையையும் சேர்த்துக் கேட்டு வாங்கினோம். பகலில் அந்தக் கீழ்ப்படுக்கை எதிரெதிரான இரண்டு இருக்கைகளாக மாறிவிடும். இருவருக்கும் ஒரு சன்னல், எதிரே வேறு யாரும் இல்லை. ராஜமுந்திரியில் கோதாவரியை ரயில் கடந்த நேரம் முழுவதும் நாங்கள் பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம். முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது என்பதால், திறக்கும் நாளிலேயே பதிவு செய்துவிடுவது நல்லது.

ஹவுராவின் பெரிய நிலையத்திலிருந்து நகருக்குள் போக மூன்று வழிகள் உண்டு. 1943இல் திறக்கப்பட்ட ஹவுரா பாலத்தின்மேல் டாக்சியில் போகலாம். நிலையத்தின் எதிரிலுள்ள படித்துறையிலிருந்து படகில் போகலாம். 2024இல் தொடங்கிய, ஆற்றுக்கு அடியில் ஓடும் மெட்ரோவில் போகலாம். சுமை இருந்ததால் முதல் நாள் ஷாலிமாரிலிருந்தே டாக்சியில் போனோம். பின்னர் ஒரு நாள் படகுக்காகவே ஹவுரா நிலையத்துக்கு வந்தோம். சில ரூபாய்ச் சீட்டில் ஊக்ளி ஆற்றைக் கடக்கும் அந்தப் படகிலிருந்து பாலத்தைப் பார்த்தால்தான் அதன் பெருமை முழுவதும் தெரிகிறது. மெட்ரோவில் ஆற்றைக் கடக்க ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. தங்குவதற்கு மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் இடம் தேடுங்கள். நாங்கள் தெற்கே காளிகாட் பக்கம் தங்கினோம். பெரிய விடுதியில் சிறிய அறை எடுப்பதைவிட, நடுத்தர விடுதியில் தெருவைப் பார்த்த சன்னலுள்ள நல்ல அறையை எடுப்பது இருவருக்கும் பொருத்தமாக இருந்தது. இருவரும் அசல் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும்.

முதல் நாள் மதியச் சாப்பாட்டைப் பற்றி எழுதாமல் போக முடியாது. கொடுவா மீன் துண்டைக் கடுகரைப்பில் தோய்த்து வாழையிலையில் பொதிந்து வேகவைத்துக் கொண்டுவந்தார்கள். இலையைப் பிரித்ததும் ஆவி முகத்தில் அடித்தது. கூடவே முள் நிறைந்த ஆற்று மீன் குழம்பு ஒன்றும் வந்தது. மகள் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் மீன் வாங்கும் நாளில், நான் இரண்டு தட்டுகளுக்கு முள் எடுத்துக் கொடுத்து முடித்த பிறகுதான் என் தட்டுக்கு வருவேன்; அதற்குள் சோறு ஆறிப்போயிருக்கும். முள் அதிகமுள்ள மீன்களை வாங்குவதையே நிறுத்திவிட்டோம். அன்று ஒரு முள்மீனைச் சூடு ஆறுவதற்குள், யாருக்கும் எடுத்துக் கொடுக்காமல், என் விருப்பப்படி மெதுவாகப் பிரித்துச் சாப்பிட்டேன். கணவர் அதைக் கவனித்துவிட்டு, "இனிமே வீட்டுல முள்ள நான் எடுக்கறேன்" என்றார். திருமண நாளுக்குக் கிடைத்த பரிசு எது என்று யாராவது கேட்டால் நான் அந்தச் சொல்லைத்தான் சொல்வேன்.

ஒரு நாளைக்குக் காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம். அதற்கு மேல் வேண்டாம் என்று முதலிலேயே தீர்மானித்திருந்தோம். பிள்ளைகளோடு போகும்போது எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற கடமை இருக்கும். இருவராகப் போகும்போது யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லை. பெருநகரத்தில் பார்க்க வேண்டியவற்றின் பட்டியலை எடுத்துக்கொண்டு ஓடினால், வீட்டில் ஓடும் அதே ஓட்டத்தை வேறோர் ஊரில் ஓடுவதாகிவிடும் என்பது என் கருத்து. தட்சிணேஸ்வரம் காளி கோயில், ராமகிருஷ்ண இயக்கத்தின் பேலூர் மடம் இரண்டையும் ஒரே நாளில் படகில் இணைத்துப் பார்த்ததுதான் நாங்கள் சற்று விரைந்த நாள். அங்கே கூட்டமும் அதிகம்.

பிரிந்து செலவழிக்கும் நேரமும் வேண்டும். 1814இல் தொடங்கப்பட்ட இந்திய அருங்காட்சியகத்தில் பர்குத் என்ற ஊரின் பௌத்தத் தூபியைச் சுற்றியிருந்த கல்வேலிகள் வைக்கப்பட்டிருக்கின்றன, கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தச் சிற்பங்களின் அருகே அவை எவற்றைக் குறிக்கின்றன என்று பழங்கால எழுத்தான பிராமியில் பெயர் பொறித்திருக்கிறார்கள். சித்தன்னவாசலின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டை மாணவர்களுக்கு நேரில் காட்டும் என் கணவருக்கு அந்தக் கூடத்தை விட்டு வர மனமில்லை. நான் அவரை அங்கேயே விட்டுவிட்டு, கரியாஹாட் கடைத்தெருவில் கைத்தறிப் பருத்திச் சேலைகளைப் பார்க்கப் போனேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் கல்லைப் பார்த்தார். நான் இருபது சேலைகளைப் பிரித்துப் பார்த்து ஒன்றை எடுத்தேன். மாலையில் சந்தித்தபோது இருவருக்கும் சொல்வதற்கு நிறைய இருந்தது. ஒருவர் விருப்பத்துக்காக மற்றவர் கால் கடுக்க நிற்பதை அன்பு என்று எண்ணிக்கொள்ளத் தேவையில்லை.

அன்று மாலை பிரின்செப் படித்துறைக்குப் போனோம். பிராமி எழுத்தைப் படித்தறிந்த ஜேம்ஸ் பிரின்செப்பின் நினைவாக எழுப்பப்பட்ட இடம் அது. காலையில் பார்த்த எழுத்துகளின் தொடர்ச்சியாகவே கணவர் அதைப் பார்த்தார். அங்கிருந்து நாட்டுப் படகில் ஆற்றுக்குள் போய்வரலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: கொல்கத்தா கிழக்கே இருப்பதால் தை மாதத்தில் ஐந்தரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. திருச்சிக் கணக்கில் ஆறு மணிக்குப் போனால் இருட்டில்தான் படகேற வேண்டும். கூலியை ஏறுவதற்கு முன்பே, எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

இருவர் மட்டும் இருந்தும் முதல் இரண்டு நாட்கள் நாங்கள் பிள்ளைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். இது இயல்பு, இதற்காக வருந்த வேண்டியதில்லை. அதன் பிறகு மாலை அழைப்பு முடிந்ததும் சிறிது நேரம் பிள்ளைகள் பேச்சு, மற்ற நேரங்களில் வேறு எதுவாயினும் பேசலாம் என்று கணவர் சொன்னார். அந்த "வேறு எது" என்பது காலேஜ் தெருவில்தான் தெரிந்தது. பழைய புத்தகக் கடைகள் இருபுறமும் நெருங்கி நிற்கும் அந்தத் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை போகக் கூடாது, பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். நாங்கள் வார நாளில் போய்ப் புத்தகங்களைப் புரட்டிவிட்டு, பணியாளர்களின் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் காபி ஹவுஸின் உயர்ந்த கூடத்தில் உட்கார்ந்தோம். மேசைகளில் மாணவர்களும் முதியவர்களும் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எழுந்திருங்கள் என்று யாரும் சொல்வதில்லை. அங்கேதான் என் பதவி உயர்வைப் பற்றிப் பேசினோம். ஏற்றுக்கொண்டால் மணப்பாறைக் கிளைக்குப் போக வேண்டும் என்பதால் நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். வீட்டில் அந்தப் பேச்சைத் தொடங்கினால், வீட்டுப்பாடமோ பால் பொங்குவதோ இடையில் வந்து நின்றுவிடும். மீதியைப் பிறகு பேசலாம் என்று எழுந்துபோவோம். இங்கே முதல்முறையாகத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பேசினோம். எந்தப் பேருந்து, காலையில் பிள்ளைகளை யார் அனுப்புவது, அவர் முன்பு பாதியில் விட்ட ஆய்வுப் படிப்பை எப்போது தொடர்வது என்பவையெல்லாம் பேச்சில் வந்தன. ஏற்றுக்கொள்வது என்ற முடிவோடு எழுந்தோம்.

வடக்கே பாக்பஜாருக்குப் போனது கணவரின் விருப்பம். 1898இல் விவேகானந்தரின் சீடரான சகோதரி நிவேதிதா பெண்களுக்காகப் பள்ளி தொடங்கிய பகுதி அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரதியார் இந்த நகரில் அவரைச் சந்தித்தபோது, மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று நிவேதிதா கேட்டதும், அந்தக் கேள்வி பாரதியாரின் மனத்தை மாற்றியதும் தமிழ்நாட்டில் பலரும் அறிந்த செய்தி. அவரைத் தம் குருவாகவே பாரதியார் ஏற்றுக்கொண்டார். வகுப்பில் ஆண்டுதோறும் அதைச் சொல்லிக்கொடுக்கும் என் கணவர் அந்தச் சந்துகளில் என்னோடு நடந்துகொண்டே, "நான் கூட்டிட்டு வந்துட்டேன்" என்றார். எனக்குக் கண் கலங்கியது.

சில நடைமுறைச் செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை இந்திய அருங்காட்சியகமும் விக்டோரியா நினைவகத்தின் காட்சிக்கூடங்களும் மூடியிருக்கும். நினைவகத்தின் தோட்டத்தில் உலாவலாம், 1921இல் திறக்கப்பட்ட அந்த வெண்பளிங்குக் கட்டடத்தை வெளியிலிருந்து பார்ப்பதே நிறைவுதான். டிராம் இப்போது ஓரிரு தடங்களில்தான் ஓடுகிறது. 1902 முதல் மின்சாரத்தில் ஓடும் அதில் ஒருமுறையாவது ஏறிவிடுங்கள். ஹவுரா பாலத்தின் கீழ் மல்லிக் படித்துறைப் பூச்சந்தைக்கு விடிந்ததும் போக வேண்டும். ஸ்ரீரங்கம் பூச்சந்தையை அறிந்த எனக்கு அங்கே மல்லியைத் தேடிச் செண்டுப்பூ மலைகளுக்கு நடுவே நிற்க வேண்டியிருந்தது. நம்மூர்ச் சாப்பாடு வேண்டுமானால் தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் லேக் மார்க்கெட் பக்கம் போகலாம். திருமண நாளன்று காலை அங்கேதான் இட்லி சாப்பிட்டோம். புத்தகக் கண்காட்சிக்கு கருணாமயி மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். சனி, ஞாயிறுகளைத் தவிர்ப்பது நல்லது.

திரும்பி வந்த பிறகு பணிக்குப் போவதற்கு முன் ஒரு நாள் முழுவதும் வீட்டில் இருக்கும்படி விடுப்பைக் கணக்கிட்டிருந்தோம். அது மிகவும் தேவைப்பட்டது. மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். மகன் அரை நாள் என்னோடு பேசவில்லை. கோபம் இருந்தால் அதை அவன் காட்டட்டும் என்று நான் சமாதானம் செய்ய அவசரப்படவில்லை. மதியம் அவனாகவே வந்து மடியில் படுத்துக்கொண்டு, ஆற்றுக்குக் கீழே ரயில் ஓடும்போது தண்ணீர் உள்ளே வராதா என்று கேட்டான். அத்தைக்கு எடுத்து வந்த சேலையையும் வெல்லத்தையும் கொடுத்தபோது, அவர்களும் மாமாவும் இருவராக எங்கேயும் போனதே இல்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். பங்குனி வெயிலுக்கு முன் இருவரும் ராமேஸ்வரம் போய்வருவதற்குச் சீட்டு எடுத்துவிட்டோம். மூத்த குடிமக்களுக்கான ஒதுக்கீட்டில் இருவருக்கும் கீழ்ப்படுக்கையே கிடைத்திருக்கிறது. அந்த நாட்களில் லால்குடி வீட்டையும் மாமா வளர்க்கும் மாட்டையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எங்களுடையது. என்னென்ன செய்ய வேண்டும் என்று அத்தை ஒரு தாள் எழுதித் தந்திருக்கிறார்கள்.